கம்பெனி மெயில் ஸ்பாமுக்குப் போகுதா, திரும்பி வருதா? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பிரச்சனையை அறிகுறி பார்த்து சரி பண்றது எப்படி

பெங்களூர்ல சின்ன கம்பெனிகளுக்கு ஐடி வேலை பாத்துட்டு இருக்கேன். பீன்யா மெஷின் ஷாப், சிக்பேட்டை ஜவுளி மொத்தக் கடை, கோரமங்களா ஸ்டார்ட்டப்னு எங்க போனாலும் இப்ப வர்ற கம்ப்ளைன்ட் ஒண்ணுதான், "சார், நம்ம கொட்டேஷன் பார்ட்டிக்குப் போய்ச் சேரல". 2024 பிப்ரவரில ஜிமெயிலும் யாஹூவும் ரூல்ஸை டைட் பண்ணாங்க, 2025 மே மாசத்துலேர்ந்து அவுட்லுக்கும் அந்த வழிக்கு வந்துடுச்சு. அதுவரைக்கும் ரெக்கார்டே இல்லாம ஓடிட்டு இருந்த டொமைன் (மெயில் ஐடில @க்குப் பின்னாடி வர்ற பேர்) எல்லாம் இப்ப மாட்டுது. ரெக்கார்ட்னா, மெயில் நெஜமாவே உங்களோடதுதானான்னு மத்தவங்க செக் பண்ண டொமைன்ல எழுதி வெக்கற குறிப்பு. எஸ்பிஎஃப் (SPF) உங்க பேர்ல எந்த சர்வர் அனுப்பலாம்னு சொல்லும், டிகிம் (DKIM) மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்துக்கு, டிமார்க் (DMARC) இது ரெண்டும் தேறலன்னா மெயிலை என்ன பண்ணணும்னு சொல்லும். தினம் 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்குத்தான் மூணு ரெக்கார்டும் கட்டாயம், ஆனா பத்து மெயில் அனுப்பற கடைக்கும் ஜிமெயில் எஸ்பிஎஃப் இல்லன்னா டிகிம் ஏதாவது ஒண்ணு கேக்குது. நான் எல்லாருக்கும் மூணுமே போடச் சொல்வேன், ரெக்கார்டுக்குன்னு தனியா காசு கிடையாது.

இங்க ரெக்கார்ட் பேரெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கேன், பேனல்ல இங்கிலீஷ்லதான் டைப் பண்ணணும். வேல்யூவை கையால டைப் பண்ணாதீங்க, உங்க மெயில் கம்பெனி அட்மின் பேனல்ல காட்டறதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இந்த ரெண்டு வேலை

ஒண்ணு, கம்பெனி ஐடிலேர்ந்து உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல ஓபன் பண்ணி, மெயில் மேல இருக்கற மூணு புள்ளியை அமுக்கி "ஷோ ஒரிஜினல்" போங்க. மேலயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு லைன் வரும், பாஸா ஃபெயிலான்னு எழுதியிருக்கும். ஒரு லைன் மொத்தமா காணோம்னா அந்த ரெக்கார்டே இல்ல, இல்லன்னா அதை இன்னும் ஆன் பண்ணலன்னு அர்த்தம். இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, கீழ எல்லா இடத்துலயும் இதைத்தான் திரும்பப் பாக்கப் போறோம்.

ரெண்டாவது, உங்க டொமைனோட டிஎன்எஸ், அதாவது இந்த ரெக்கார்ட் எல்லாம் இருக்கற லிஸ்ட், எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. டொமைன் வாங்கின இடம் ஒண்ணு, வெப்சைட் ஹோஸ்டிங் இன்னொண்ணு, மெயில் மூணாவது ஒரு இடம்னு இருக்கும், ரெக்கார்ட் போட வேண்டியது இதுல ஒரே ஒரு இடத்துலதான், அதாவது நேம்சர்வர் (உங்க டொமைனோட டிஎன்எஸ்ஸைக் கேட்டா பதில் சொல்ற சர்வர்) எந்த இடத்தைக் காட்டுதோ அங்க. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்ல என்எஸ்லுக்கப் போட்டு டைப்பை என்எஸ்னு குடுத்தா தெரிஞ்சிடும், இல்லன்னா கூகுளோட அட்மின் டூல்பாக்ஸ்ல டிக் பக்கத்துல டொமைன் பேரைப் போட்டாலும் போதும். நான் பாத்த கேஸ்ல பாதிக்கு மேல இந்த இடத்துலதான் சிக்கல். வெப்சைட் பண்ணிக் குடுத்த தம்பி அவர் சொந்த ஐடில டொமைனை வாங்கி வெச்சிருப்பார், அவர் வேலை மாறி ஹைதராபாத் போயிருப்பார், ரெனியூவல் மெயில் அவருக்குத்தான் போயிட்டு இருக்கும், முதலாளி கிட்ட லாகினும் இருக்காது. லாகின் உங்க கைல இல்லன்னா முதல்ல அதை வாங்குங்க, ரெக்கார்ட் பத்தி அப்புறம் பேசலாம்.

## அறிகுறி 1: மெயில் போகுது, ஆனா ஸ்பாம்ல விழுது

ஷோ ஒரிஜினல்ல எஸ்பிஎஃப் லைனே இல்ல, இல்லன்னா நியூட்ரல்னு வருது. ரெக்கார்ட் போடல. டொமைன் மெயின் பேர்ல ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்ட் போடணும், "வி=எஸ்பிஎஃப்1"னு ஆரம்பிச்சு, உங்க மெயில் கம்பெனியோட இன்க்ளூட் (அவங்க சர்வரையும் சேர்த்துக்கோன்னு சொல்ற பகுதி) வந்து, கடைசில "~ஆல்"னு முடியணும். ஜோஹோ யூஸ் பண்றவங்க கவனிங்க, இந்தியா டேட்டா சென்டர் அக்கவுண்டுக்கு வேற வேல்யூ, டாட் காம் அக்கவுண்டுக்கு வேற. நெட்ல கெடைச்சதைப் போடாம உங்க பேனல்ல இருக்கறதையே எடுங்க.

எஸ்பிஎஃப் பெர்ம்எரர்னு வருது, அதாவது ரெக்கார்டே தப்பா இருக்கு. பெரும்பாலும் ரெண்டு காரணம்தான் இருக்கும். முதல் காரணம், ஒரே டொமைனுக்கு ரெண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்ட். பழைய ஹோஸ்டிங்கோடது ஒண்ணு கிடக்கும், கூகுளுக்கு மாறினப்ப புதுசா இன்னொண்ணு போட்டிருப்பாங்க. ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது, ஒரே லைனா சேர்த்து எழுதிட்டு மத்ததை அழிச்சிடுங்க. அடுத்த காரணம், லுக்கப் (ரெக்கார்டைப் படிக்கறவங்க டிஎன்எஸ்ல தேட வேண்டிய தடவை) 10க்கு மேல போயிடுச்சு. ஒவ்வொரு இன்க்ளூடும், ஏ, எம்எக்ஸ் இதெல்லாமும் லுக்கப் கணக்குல வரும், இன்க்ளூடுக்குள்ள இருக்கற இன்க்ளூடும் சேரும், நேரா ஐபி நம்பர் போட்டிருந்தா அது கணக்குல வராது. எப்பவோ விட்டுப்போன நியூஸ்லெட்டர் சர்வீஸ், நிறுத்தின ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர், பழைய ஹோஸ்டிங் இதோட இன்க்ளூட் எல்லாம் அப்படியே கிடக்கும், அதை எடுத்தாலே பத்துக்குள்ள வந்துடும். எடுத்த பிறகும் அடங்கலைன்னா மார்க்கெட்டிங் மெயிலுக்குன்னு ஒரு சப்டொமைன் (உங்க டொமைனுக்கு முன்னாடி இன்னொரு பேர் சேர்த்தது) வெச்சு அதைப் பிரிச்சு விடுங்க. எஸ்பிஎஃப்பை ஐபியா விரிச்சு எழுதித் தர்ற டூல் இருக்கு, நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அந்தக் கம்பெனி ஐபி மாத்தினா அன்னைக்கு உங்க மெயில் நின்னுடும், காரணமும் புரியாது.

டிகிம் லைன் இல்ல, இல்லன்னா பாஸ்னு இருக்கு ஆனா டொமைன் பேர் உங்களோடது இல்ல. இதை ரொம்பப் பேர் கவனிக்கறதே இல்ல. கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல நீங்க டிகிம் ஆன் பண்ணலன்னா அவங்க "ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி"ன்னு முடியற அவங்க டொமைன்ல கையெழுத்து போட்டு அனுப்புவாங்க, மைக்ரோசாஃப்ட் 365ல "ஆன்மைக்ரோசாஃப்ட்"னு முடியற பேர் இருக்கும். பச்சையா பாஸ்னு காட்டும், ஆனா உங்க டொமைனுக்கு அதனால பிரயோஜனம் இல்ல. வொர்க்ஸ்பேஸ்னா அட்மின் கன்சோல்ல ஜிமெயில் செட்டிங்ஸ் உள்ள "ஆதென்டிகேட் இமெயில்" போய் ரெக்கார்ட் ஜெனரேட் பண்ணி, டிஎன்எஸ்ல ஒட்டிட்டு, திரும்ப அதே பக்கத்துக்கு வந்து "ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்" அமுக்கணும். கடைசி பட்டனை அமுக்காம விட்டுட்டு ரெக்கார்ட் போட்டாச்சே, ஏன் வேலை செய்யலன்னு கேக்கறவங்கதான் நிறைய. மைக்ரோசாஃப்ட்ல ரெண்டு சி-நேம் (வேற பேரைக் காட்டிவிடற டிஎன்எஸ் ரெக்கார்ட்) போட்டுட்டு டிஃபெண்டர் பேனல்ல ஸ்விட்சை ஆன் பண்ணணும்.

மூணுமே பாஸ், உங்க டொமைன் பேர்லதான் பாஸ், அப்பவும் ஸ்பாம். அப்படின்னா பிரச்சனை ரெக்கார்ட்ல இல்ல, அதைத் தோண்டிட்டு இருக்காதீங்க. மெயில்ல சுருக்கின லிங்க் இருக்கா, பெரிய படம் ஒண்ணை மட்டும் போட்டு எழுத்தே இல்லாம அனுப்பறீங்களா, காசு குடுத்து வாங்கின லிஸ்டுக்கு அனுப்பினீங்களான்னு பாருங்க. கூகுளோட போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல டொமைனைச் சேர்த்தா, ஜிமெயில் ஆளுங்க எத்தனை பேர் உங்களை ஸ்பாம்னு அமுக்கறாங்கன்னு சதவீதம் தெரியும், ஆனா கொஞ்சம் அளவோட மெயில் போனாத்தான் அதுல டேட்டா வரும். 0.1க்குக் கீழ இருக்கணும், 0.3ஐ தொடவே கூடாது. எக்ஸிபிஷன்ல வாங்கின விசிட்டிங் கார்டை எல்லாம் எக்செல்ல ஏத்தி மொத்தமா அனுப்பற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி, அதை நிறுத்தாம எந்த ரெக்கார்ட் போட்டும் புண்ணியமில்ல.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: எல்லாம் பாஸ் ஆகி, கண்ட லிஸ்டுக்கும் அனுப்பறதை நிறுத்தி ஒரு மாசம் ஆகியும் கஸ்டமருக்கு அனுப்பற ஒத்த ஒத்த மெயில் கூட ஸ்பாம்ல விழுதுன்னா.

## அறிகுறி 2: மெயில் திரும்பி வருது

திரும்பி வந்த மெயிலை டிலீட் பண்ணாதீங்க, அதுலயே காரணம் எழுதியிருக்கும். நடுவுல ஒரு நம்பரைத் தேடுங்க.

- 5.1.1 அப்படி ஒரு ஐடியே இல்ல. ஸ்பெல்லிங் பாருங்க, இல்லன்னா பார்ட்டிக்கு போன் போட்டு சரியான ஐடி கேளுங்க.
- 5.2.2 அவங்க மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சு. அவங்கதான் சரி பண்ணணும்.
- 5.7.26 ஜிமெயில் சொல்றது, உங்க மெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகிம் எதுவும் தேறல, இல்லன்னா உங்க டிமார்க் ரூல்ல அடிபட்டுடுச்சு. அறிகுறி 1, 4, 5 பாருங்க.
- 5.7.509 மைக்ரோசாஃப்ட் சொல்றது, டிமார்க் ஃபெயில், உங்க டொமைன்ல ரிஜெக்ட்னு போட்டிருக்கீங்க, அதனால தூக்கிட்டோம்னு.
- 5.7.515 அவுட்லுக், ஹாட்மெயில் பக்கம் நிறைய மெயில் அனுப்பற டொமைன், ஆனா மூணு ரெக்கார்ட்ல ஏதோ குறையுது.
- 5.7.25 உங்க சர்வர் ஐபிக்கு பிடிஆர் இல்ல, அதாவது ஐபிலேர்ந்து பேரைக் கேட்டா பதில் வரல.

கடைசி ஒண்ணு, பெரும்பாலும் ஆபீஸ்லயே சொந்தமா மெயில் சர்வர் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் வரும். பீன்யால சில பழைய ஃபேக்டரில இன்னும் இருக்கு. இதை டிஎன்எஸ் பேனல்ல சரி பண்ண முடியாது, ஸ்டாடிக் ஐபி குடுத்த நெட் கம்பெனிதான் போட்டுத் தரணும், எழுத்துல கேளுங்க, ஐபி நம்பரையும் சர்வர் பேரையும் சேர்த்துக் குடுங்க. அவங்க இழுத்தடிச்சா வெளியே போற மெயிலை மட்டும் ஒரு ரிலே சர்வீஸ் வழியா விடறது நல்லது, மாசாமாசம் செலவுதான், ஆனா ஆர்டர் போறதை விட கம்மி.

பிளாக்லிஸ்ட், ஸ்பாம்ஹவுஸ்னு (ஸ்பாம் அனுப்பற ஐபியை லிஸ்ட் போடற அமைப்பு) வார்த்தை வந்தா முதல்ல ஏன் லிஸ்ட்ல வந்தோம்னு பாருங்க. ஏதோ ஒரு ஸ்டாஃப் ஐடி பாஸ்வேர்ட் போய் ராத்திரி பூரா அதுலேர்ந்து ஸ்பாம் போயிருக்கும். அதை மூடாம லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி அப்ளை பண்ணா திரும்ப மாட்டுவீங்க. இங்க நேரா ஆளைக் கூப்பிடுங்க, தனியா போராடற வேலை இல்ல இது.

## அறிகுறி 3: ரெக்கார்ட் போட்டாச்சு, செக் பண்ணா "இல்ல"ன்னு வருது

எல்லாத்துக்கும் முன்னாடி, போட்ட இடம் சரியா? மேல சொன்ன நேம்சர்வர் கதை. தப்பான பேனல்ல எத்தனை ரெக்கார்ட் போட்டாலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

இடம் சரின்னா ஹோஸ்ட் பேரைப் பாருங்க. டிமார்க்குக்கு ஹோஸ்ட் கட்டத்துல அண்டர்ஸ்கோர் போட்டு டிமார்க்னு மட்டும் எழுதினா போதும், நிறைய பேனல் பின்னாடி டொமைனைத் தானே சேர்த்துக்கும். நீங்க முழு டொமைனோட எழுதினா கம்பெனி பேர் ரெண்டு தடவை வந்து நிக்கும். சந்தேகமா இருந்தா செக் பண்ற டூல்ல டொமைன் ரெண்டு தடவை வர்ற மாதிரி போட்டுப் பாருங்க, அங்க பதில் வந்தா இதுதான் தப்பு. அண்டர்ஸ்கோருக்கு பதிலா மைனஸ் போடறதும் நடக்குது.

டிகிம் கீ நீளமானது. ஒரு டெக்ஸ்ட் துண்டுல 255 எழுத்துக்கு மேல போகாது, 2048 பிட் கீ அதைத் தாண்டும். நல்ல பேனல் தானே துண்டு போட்டுக்கும், பழைய பேனல் சத்தமில்லாம பாதியை வெட்டிடும். சேவ் பண்ண பிறகு திரும்ப ஓபன் பண்ணி கடைசி எழுத்து வரைக்கும் இருக்கான்னு பாருங்க. வெட்டுப்பட்டிருந்தா, ரெண்டு கோட்ஸ் துண்டா பிரிச்சுப் போடுங்க, அதுவும் முடியலன்னா 1024 பிட் கீ எடுத்துக்கலாம். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின வேல்யூவை ஒட்டினீங்கன்னா கோட்ஸ் வளைஞ்ச கோட்ஸா மாறியிருக்கும், நடுவுல ஸ்பேஸ் நுழைஞ்சிருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

கிளவுட்ஃப்ளேர்ல டிஎன்எஸ் இருந்தா டிகிம் சி-நேம் பக்கத்துல மேகம் ஆரஞ்சு கலர்ல இருக்கக் கூடாது, கிரேல இருக்கணும்.

இதெல்லாம் சரின்னா டீ குடிச்சிட்டு வாங்க. ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் தெரிஞ்சிடும், கூகுள் 48 மணி நேரம் வரைக்கும் டைம் கேக்குது. நடுவுல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தி மாத்திப் போடாதீங்க, எது பழசு எது புதுசுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: ரெண்டு நாள் ஆகியும் வெளிய தெரியலன்னா, இல்லன்னா நேம்சர்வரையே மாத்தணும்னு யாராவது சொன்னா. நேம்சர்வரை மாத்தினா வெப்சைட்டும் உள்ள வர்ற மெயிலும் சேர்ந்து நகரும், பழைய ரெக்கார்ட் எல்லாத்தையும் காப்பி எடுக்காம அதுல கை வைக்கக் கூடாது.

## அறிகுறி 4: ஆபீஸ் மெயில் ஓகே, பில், வெப்சைட் ஃபார்ம், நியூஸ்லெட்டர் மட்டும் போகல

உங்க டொமைன் பேர்ல மெயில் அனுப்பறது உங்க மெயில் கம்பெனி மட்டும் இல்ல. பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட், சம்பள ஸ்லிப் அனுப்பற எச்ஆர் சாஃப்ட்வேர், ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பற பிரிண்டர், எல்லாம் அனுப்புது. ஒரு பேப்பர்ல லிஸ்ட் எழுதுங்க, அக்கவுண்ட்ஸ் அக்காவைக் கேட்டா உங்களுக்குத் தெரியாத ரெண்டு மூணு சேர்த்துச் சொல்வாங்க.

வெப்சைட் ஃபார்ம். சிக்பேட்டைல ஒரு சேலை மொத்தக் கடைக்கு என்கொயரியே வரலன்னு கூப்பிட்டாங்க. ஃபார்ம்ல கஸ்டமர் டைப் பண்ற ஐடியையே ஃப்ரம்ல போட்டு ஹோஸ்டிங் சர்வர் அனுப்பிட்டு இருந்துச்சு. அதாவது யாஹூ கஸ்டமர் பேர்ல உங்க சர்வர் மெயில் அனுப்புது, யாஹூ டிமார்க் ரிஜெக்ட்ல இருக்கு, அப்ப மெயில் எப்படி வரும்? ஃப்ரம்ல உங்க டொமைன் ஐடி, ரிப்ளை-டூல கஸ்டமர் ஐடி, இவ்வளவுதான் வேலை. அதோட வெப்சைட்டை ஹோஸ்டிங் சர்வர்லேர்ந்து நேரா அனுப்ப விடாம, எஸ்எம்டிபி (மெயில் சர்வர்ல லாகின் பண்ணி அனுப்பற வழி) பிளகின் போட்டு உங்க மெயில் அக்கவுண்ட் வழியா அனுப்ப வைங்க. டிகிம் தானா சேர்ந்துடும். ஷேர்டு ஹோஸ்டிங் ஐபியை எஸ்பிஎஃப்ல சேக்கறது சுலபமான வழிதான், ஆனா அதே ஐபில இருக்கற ஊர் பேர் தெரியாத நூறு சைட்டுக்கும் உங்க பேர்ல அனுப்ப அனுமதி குடுத்த மாதிரி ஆயிடும்.

பில்லிங் சாஃப்ட்வேர், பிரிண்டர். இதுவும் அதேதான், எஸ்எம்டிபி செட்டிங்ல உங்க மெயில் கம்பெனியைக் குடுங்க. ஜிமெயில்னா சாதா பாஸ்வேர்ட் வேலை செய்யாது, டூ ஸ்டெப் ஆன் பண்ணி ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும்.

நியூஸ்லெட்டர், ஓடிபி அனுப்பற சர்வீஸ். அவங்க பேனல்லயே டொமைன் வெரிஃபிகேஷன்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க குடுக்கற டிகிம் சி-நேம் எல்லாத்தையும் போடுங்க, அமேசான் எஸ்இஎஸ்னா மூணு சி-நேம் வரும், மூணுமே போடணும். இவங்களை எல்லாம் எஸ்பிஎஃப்ல சேர்த்தே ஆகணும்னு இல்ல, அவங்க கேட்டா மட்டும் சேருங்க.

## அறிகுறி 5: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில்

பாஸ் ஆன டொமைனும், ஃப்ரம்ல தெரியற டொமைனும் ஒத்துப் போகல. ஆதார் கார்டு ஒரிஜினல்தான், ஆனா டிக்கெட்ல வேற பேர் இருக்குன்னா டிடிஇ விட மாட்டார்ல, அதேதான். ஷோ ஒரிஜினல்ல டிகிம் பக்கத்துல எந்த டொமைன் எழுதியிருக்குன்னு பாருங்க, உங்களோடது இல்லன்னா அறிகுறி 1ல சொன்ன டிகிம் வேலையோ, அறிகுறி 4ல சொன்ன வெரிஃபிகேஷனோ பாக்கி இருக்கு. ரெண்டுல ஒண்ணு ஒத்துப் போனாலே டிமார்க் பாஸ், அதனால டிகிம்மை சரி பண்ணுங்க, அது போதும். சப்டொமைன்ல அனுப்பறவங்க டிமார்க் ரெக்கார்ட்ல ஸ்ட்ரிக்ட்னு (டொமைன் அச்சு அசலா ஒத்துப் போகணும்) போட்டிருந்தா அதை எடுத்துடுங்க, ரிலாக்ஸ்டுதான் நம்மளுக்கு.

## அறிகுறி 6: ஒரே ஒரு பார்ட்டிக்கு மட்டும் போகல

அந்தப் பார்ட்டி மெயிலை வேற ஐடிக்கு ஃபார்வர்ட் போட்டிருக்காரான்னு கேளுங்க. நிறைய பேர் கம்பெனி ஐடியை ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருப்பாங்க, அப்படித் திருப்பும்போது எஸ்பிஎஃப் உடைஞ்சிடும், டிகிம் இருந்தா தப்பிக்கும். உங்க பக்கம் டிகிம் பாஸ் ஆகுதுன்னா அதுக்கு மேல நீங்க பண்ண ஒண்ணும் இல்ல, அவங்க ஐடி ஆளு கிட்ட திரும்பி வந்த மெயிலை அனுப்பி வைங்க.

## அறிகுறி 7: நம்ம பேர்ல யாரோ மெயில் அனுப்பறாங்க

இதுதான் எனக்கு ராத்திரி போன் வர வைக்கற கேஸ். "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க"ன்னு கஸ்டமருக்கு மெயில் போகும், அவரும் நம்பி பணத்தைப் போட்டுடுவார். முதல்ல கஸ்டமர் கிட்ட அந்த மெயிலோட ஒரிஜினல் வாங்குங்க, ஃபார்வர்ட் பண்ணா போதாது, ஃபைலா டவுன்லோட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

டொமைன்ல ஒரு எழுத்து மாறியிருக்கா? அப்ப அது வேற டொமைன், உங்க டிமார்க் அதைத் தடுக்காது. கஸ்டமர் எல்லாருக்கும் போன்ல சொல்லுங்க, அந்த டொமைன் வித்த ரெஜிஸ்ட்ராருக்கு அப்யூஸ் கம்ப்ளைன்ட் குடுங்க.

உங்க டொமைனேதான், ஆனா எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் ஃபெயில். வெளிய யாரோ உங்க பேரைப் போட்டு அனுப்பறாங்க. உங்க டிமார்க் "பி=நன்"ல இருக்கும், இல்ல ரெக்கார்டே இருக்காது. நன்னு போட்டா ரிப்போர்ட் மட்டும்தான் வரும், எதையும் தடுக்காது. இதை குவாரன்டைனுக்கும் (ஸ்பாம்ல போடு) அப்புறம் ரிஜெக்டுக்கும் (வாங்கவே வேண்டாம்) ஏத்தணும், ஆனா பதட்டத்துல இன்னைக்கே ரிஜெக்ட் போட்டா உங்க பில்லே திரும்பி வரும். ரிப்போர்ட்டுக்குன்னு தனி ஐடி ஒண்ணு ரெக்கார்ட்ல குடுங்க, அது எக்ஸ்எம்எல் ஃபைலா வரும், படிச்சுச் சொல்ற இலவச டூல் இருக்கு. குறைஞ்சது ஒரு முழு மாசக்கடைசி தாண்டட்டும், சம்பள ஸ்லிப்பும் மாசக்கடைசி பில்லும் அப்பதான் கெளம்பும். ஆயுத பூஜை வாழ்த்து மட்டும் அனுப்பற சர்வீஸ் ஒண்ணு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் தலை காட்டும், அதை லிஸ்ட்ல வெச்சுத்தான் பிடிக்கணும். உங்களோடது எல்லாம் பாஸ்னு ரிப்போர்ட்ல தெரிஞ்ச பிறகு குவாரன்டைன், அதுல ரெண்டு மூணு வாரம் தொந்தரவு இல்லன்னா ரிஜெக்ட்.

உங்க டொமைனேதான், எல்லாமே பாஸ். அப்ப பெரும்பாலும் உங்க மெயில்பாக்ஸுக்குள்ளயே ஆள் இருக்கான். எந்த ரெக்கார்டும் இதுக்கு உதவாது. பாஸ்வேர்ட் மாத்துங்க, எல்லா டிவைஸ்லேர்ந்தும் லாக் அவுட் பண்ணுங்க, டூ ஸ்டெப் போடுங்க, முக்கியமா ஃபில்டர், ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க, "பேமென்ட்"னு வர்ற மெயிலை மறைச்சு வேற ஐடிக்கு அனுப்பற ரூல் ஒண்ணு உக்காந்திருக்கும். பாஸ்வேர்ட் மாத்தினாலும் அந்த ரூல் அப்படியே ஓடிட்டே இருக்கும்.

பணம் போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம பணம் கட்டினவர் 1930க்கு போன் போடணும், பேங்குக்கும் சொல்லணும், சைபர்கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் பதியணும். பணம் அடுத்த அக்கவுண்டுக்கு நகர்றதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்த வாய்ப்பு.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: உள்ள ஆள் இருக்கான்னு தெரிஞ்ச உடனே. அந்த மெயில்பாக்ஸ்ல எதையும் அழிக்காம வைங்க, லாக் தேவைப்படும். வர்ற ஆளுக்கு டொமைன் ஓனர் பாஸ்வேர்ட் குடுக்காதீங்க, தனி யூசர் போட்டு டிஎன்எஸ் அனுமதி மட்டும் குடுங்க, வேலை முடிஞ்சதும் அதை எடுத்துடுங்க. எந்த ரெக்கார்ட் எதுக்கு, யாருக்காகப் போட்டதுன்னு ஒரு ஷீட்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் பேமென்ட் பண்ணுங்க.